சோலூரில் தெரிந்த கருங்கோடு

பழைய ஊட்டிப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். ஏரி இருக்கும், தேவாலயக் கோபுரம் இருக்கும், முன்னால் நிற்கும் குதிரைவண்டியின் சக்கரக் கட்டைகளைக்கூட எண்ணிவிடலாம். வானம் மட்டும் வெறும் வெள்ளைத் தாள். மேகம் கிடையாது; தூரத்து மலைகள் பாதி கரைந்து போயிருக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊட்டியில் ஸ்டூடியோ நடத்திய பென் போன்றவர்களின் கைத்திறனில் குறையே இல்லை. அன்றைய கொலோடியன் பிளேட்டுக்கு நீலமும் அதற்கு அப்பால் உள்ள புற ஊதாவும்தான் உறைக்கும்; மஞ்சளும் சிவப்பும் அதற்கு இருட்டு. காற்று அதிகமாகச் சிதறடிப்பதும் அதே நீலத்தைத்தான். ஆகவே மலையைக் காட்டிலும், மலைக்கும் கேமராவுக்கும் நடுவே கிடக்கும் காற்றைத்தான் அந்தப் பிளேட்டுகள் நன்றாகப் படம் பிடித்தன.

என் அப்பா ஊட்டியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். பாஸ்போர்ட் படமும் கல்யாண ஆல்பமும் சோறு போட்டன. மலைக்காட்சி அவருடைய ஆசை. கறுப்பு வெள்ளைக் காலத்தில் கோடநாட்டுப் பக்கம் போனால் சிவப்புக் கண்ணாடி பில்டரை லென்ஸில் திருகிவிட்டுத்தான் கேமராவையே தூக்குவார். “காத்து குறுக்க நிக்குதுடா, அதை வெட்டணும்” என்பார். பில்டர் போட்டதும் நீலச் சிதறல் வெட்டுப்பட்டு, வானம் கறுத்து, அதுவரை கண்ணுக்கே தெரியாத மலைமடிப்பு படத்தில் எழுந்து நிற்கும். நானும் அதே தொழிலுக்கு வந்தேன். கலருக்குச் சிவப்பு பில்டர் உதவாது, அதற்கு போலரைசர். கருவிதான் மாறியது, வேலை அதேதான்: குறுக்கே நிற்கும் ஒளியை வெட்டுவது.

அதனால்தான் இந்த மலைகளுக்குச் சூரியனைப் பார்க்க வந்தவர்களின் கதை என்னை இழுத்தது. அவர்களும் சிதறல் ஒளியிலிருந்து தப்பிக்கத்தான் மலையேறினார்கள். கடைசியில் அவர்களில் சிலருக்குச் சேதி சொன்னது அந்தச் சிதறல்தான்.

1871 டிசம்பர் 12 காலையில் முழுச் சூரிய கிரகணம் ஒன்று தென்னிந்தியாவைக் கடந்து சென்றது. நிழலின் பாதை மலபார்க் கரையின் பேக்கல் கோட்டையில் ஏறி, நீலகிரியைத் தாண்டி, அவிநாசி, புதுக்கோட்டை வழியாக யாழ்ப்பாணம், திருகோணமலை வரை போயிற்று. பாதை நெடுகிலும் ஆட்கள் நின்றார்கள். பேக்கலில் நார்மன் லாக்யர். அவிநாசியில் சென்னை வானாய்வகத்தின் போக்சன். புதுக்கோட்டையில் இத்தாலியரான ரெஸ்பிகி. தொட்டபெட்டா உச்சியில் கர்னல் டென்னன்ட், கேமராவோடு. ஊட்டிக்கு வடமேற்கே, படகர் ஊர்கள் சூழ்ந்த சோலூரில் பிரெஞ்சுக்காரர் ழான்சென்.

அன்றைக்கு அவர்கள் எல்லாரையும் குடைந்த கேள்வி, எங்கள் தொழில்காரனுக்கு உடனே புரிகிற கேள்வி. நிலா சூரியனை முழுசாக மறைத்ததும் அதைச் சுற்றி முத்து நிறத்தில் ஒரு ஒளி விரிகிறதே, கொரோனா, அது சூரியனுடைய உடைமையா? அல்லது நம் காற்றில் நடக்கும் சிதறலா? லென்ஸில் தூசி படிந்திருந்தால் விளக்கைச் சுற்றி ஒரு வளையம் விழும். படத்தில் இருக்கும், இடத்தில் இருக்காது. கொரோனாவும் அப்படி ஒரு பொய் வளையம்தான் என்று சொன்னவர்கள் அன்று குறைவில்லை.

பதில் பிளேட்டுகளில் கிடைத்தது. பேக்கலில் லிண்ட்சே பிரபுவின் செலவில் வந்திருந்த டேவிஸ் படங்கள் எடுத்தார். தொட்டபெட்டாவில் டென்னன்ட் எடுத்தார். இரண்டு இடத்துக்கும் நடுவே 200 கிலோமீட்டருக்கு மேல் தூரம். ஒன்று கடற்கரைக் காற்று, மற்றது 2,637 மீட்டர் உயரத்து மலைக்காற்று. கொலோடியன் பிளேட்டைப் பூசி, ஈரம் காய்வதற்குள் வெளிச்சம் காட்டி, உடனே கழுவிவிட வேண்டும். முழுமறைப்போ இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடக்குறைய. அந்த நேரத்துக்குள் எடுத்த படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது கொரோனாவின் கீற்றுகளும் பிளவுகளும் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தன. காற்று செய்த வேலையாக இருந்தால் இடத்துக்கு இடம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. கொரோனா சூரியனுடையதுதான் என்பது அத்தோடு உறுதியாயிற்று. இந்தியாவில் எடுக்கப்பட்ட படங்களிலேயே மிகப் பெரிய கேள்விக்கு விடை சொன்ன படங்கள் இவைதான் என்று நான் நினைக்கிறேன். ஊட்டியில் கேமரா பிடிக்கிற எவரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

சோலூருக்கு வருவோம். ழான்சென் சும்மா வந்தவரல்ல. 1868 கிரகணத்தை குண்டூரில் பார்த்தவர். சூரிய விளிம்பில் எழும் தீநாக்குகளை நிறமாலைக் கருவியால் கிரகணம் இல்லாத நாளிலும் பார்க்க முடியும் என்று மறுநாளே செய்து காட்டியவர். 1870 டிசம்பரில் பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டிருந்தபோது, அல்ஜீரியாவின் ஓரானில் தெரியவிருந்த கிரகணத்துக்காகத் தம் கருவிகளோடு பலூனில் ஏறி நகரைவிட்டுப் பறந்தார். உயிரைப் பணயம் வைத்துப் போய்ச் சேர்ந்தால், அங்கே மேகம் மூடிக்கொண்டது. அடுத்த ஆண்டே நீலகிரிக்கு வந்துவிட்டார். டிசம்பரில் வடகிழக்கு மழை ஓய்ந்து, உறைபனி விழத் தொடங்கும்போது இங்கே காலை வானம் எப்படிக் கழுவிவிட்டது போலிருக்கும் என்பது இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும்.

கொரோனாவின் ஒளி மொத்தமும் சேர்ந்தாலும் சூரிய ஒளியில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். அதை நிறமாலையாகப் பிரித்தால் இன்னும் மங்கும். அதனால் குவியத் தூரம் குறைந்த, பிம்பம் பிரகாசமாக விழும் தொலைநோக்கி ஒன்றை ழான்சென் இதற்கென்றே செய்வித்திருந்தார். முழுமறைப்பின்போது அவர் அதில் கண்டது இரண்டு வகை. கொரோனாவின் வாயுவே உமிழும் ஒளிக்கோடுகள் ஒன்று; இவை மற்றவர்களுக்கும் தெரிந்தன. இன்னொன்று, மங்கிய தொடர் நிறமாலையின் நடுவே சில கருங்கோடுகள். சோடியத்துக்குரிய டி கோட்டை அவர் குறிப்பாகச் சொன்னார். அவை சாதாரணச் சூரிய ஒளியில் இருக்கிற அதே கருங்கோடுகள்.

இதன் பொருள், கொரோனாவிலிருந்து வரும் ஒளியில் ஒரு பகுதி அங்கே பிறந்ததல்ல என்பது. சூரியனின் மேற்பரப்பிலிருந்து கிளம்பி, வெளியில் எதன் மீதோ பட்டுச் சிதறி, சூரியனின் கைரேகை அழியாமலே நம்மை வந்தடைகிற ஒளி அது. பட்ட பொருள் எது என்று சொல்ல அன்று யாராலும் முடியவில்லை. ஆனால் விண்வெளியிலும் ஒளி சிதறுகிறது என்பதற்கான சான்று, நீலகிரியின் ஒரு மலைச்சரிவில் ஒரு மனிதரின் கண்ணில் சில நொடிகள் விழுந்துவிட்டது.

அதே 1871இல்தான் இங்கிலாந்தில் ஜான் வில்லியம் ஸ்ட்ரட் என்ற இளைஞர் வானத்தின் நீலத்துக்குக் கணக்குப் போட்டு வெளியிட்டார். ராலே பிரபு என்ற பட்டம் அவருக்கு இரண்டு ஆண்டுக்குப் பிறகு வந்தது. ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும்போது, சிதறலின் அளவு அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழாக இருக்கும். 450 நானோமீட்டர் நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைவிட நாலு மடங்குக்கு மேல் சிதறும். அப்பாவின் சிவப்பு பில்டர் வேலை செய்தது இந்தக் கணக்கினால்தான். அந்தத் துகள்கள் எவை என்ற கேள்விக்கு ராலே 1899இல் திரும்பி வந்தார். தூசி வேண்டாம், காற்றின் மூலக்கூறுகளே போதும் என்றார். அந்தக் கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்ட சான்றுகளில் ஒன்று, டார்ஜிலிங் பக்கத்திலிருந்து பார்த்தால் 100 மைல் தொலைவில் எவரெஸ்ட் ஓரளவு பிரகாசமாகவே தெரிகிறது என்பது. சுத்தமான காற்று இவ்வளவுதான் மறைக்கும் என்று அதிலிருந்து அளவு கட்டினார். ஒரு மலை எவ்வளவு தூரத்தில் கரைகிறது என்பதை வைத்து மூலக்கூறை எடை போட்ட அந்தத் துணிவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

இடையில் 1883. ஆகஸ்ட் 26, 27 தேதிகளில் சுண்டா நீரிணையில் கிரக்கட்டோவா வெடித்தது. அதன் புகையும் நுண்தூசியும் வானத்தின் மேலடுக்கில் ஏறி, காற்றோடு மேற்கே நகர்ந்து, இந்தியப் பெருங்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக், பசிபிக் என்று பூமியை வளைத்து வந்தன. செப்டம்பர் 5இல் ஹவாயில் சூரியனைச் சுற்றிப் புதுவித வளையம் தெரிந்தது. செப்டம்பர் 9ஐ ஒட்டி இலங்கையிலும் சென்னையிலும் சூரியன் பச்சையாக உதித்தது, பச்சையாக மறைந்தது. தந்தியில் வந்த வெடிப்புச் சேதியையும் பச்சைச் சூரியனையும் முடிச்சுப் போட ஜனங்களுக்கு அன்று வழியில்லை. எத்தனை வீட்டில் பயந்து விளக்கேற்றியிருப்பார்கள்!

சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த சார்லஸ் மிச்சி ஸ்மித் நிறமாலைக் கருவியை அந்தப் பச்சைச் சூரியன் பக்கம் திருப்பினார். நிறமாலையின் சிவப்பு முனை மங்கிக் கிடந்தது. நீராவிக்குரிய பட்டைகள் அழுத்தமாக இருந்ததையும் குறித்துக்கொண்டு, விரிவாக எழுதி வெளியிட்டார். 1888இல் லண்டன் ராயல் சொசைட்டி கிரக்கட்டோவா பற்றிக் கொண்டுவந்த பெரிய அறிக்கைக்குச் சென்னையின் பச்சைச் சூரியனும் ஒரு முக்கியச் சான்று.

ராலேயின் கணக்கு இங்கே தலைகீழாகிறது. துகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக இருக்கும்வரைதான் நீலம் அதிகம் சிதறும். துகளின் அளவு அலைநீளத்தை எட்டி, அதுவும் எல்லாத் துகளும் ஏறக்குறைய ஒரே பருமனாக அமைந்துவிட்டால், சிவப்பு அதிகம் சிதறி நீலம் நேராக வந்துவிட முடியும். அடிவானத்தில் கிடக்கும் வழக்கமான காற்று அந்த நீலத்தையும் பறித்துக்கொண்டால், மிஞ்சுவது பச்சை. இதற்கான முழுக் கணிதத்தை ஜெர்மனியில் குஸ்தாவ் மீ 1908இல்தான் எழுதி முடித்தார். 1991இல் பிலிப்பைன்ஸின் பினடுபோ வெடித்த பிறகு பல மாதங்கள் எங்கள் மலையில் அந்தி வானம் ஊதாவும் செம்மஞ்சளுமாக எரிந்தது. அப்போது நான் எடுத்த ஸ்லைடுகள் இன்னும் இருக்கின்றன. பச்சைச் சூரியன் அதில் இல்லை. துகள்கள் அப்படி ஒரே அளவாகச் சேர்வது அபூர்வம். 1883இன் சென்னைக்கு அது வாய்த்தது.

போக்சன் 1891இல் இறந்த பிறகு சென்னை வானாய்வகத்தின் பொறுப்பு மிச்சி ஸ்மித்திடம் வந்தது. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் தென்னகத்தைச் சூறையாடிய பிறகு, பருவமழைக்கும் சூரியனுக்கும் தொடர்பு இருந்தால் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற பேச்சு அரசாங்கத்தில் வலுத்திருந்தது. அதற்கான சூரிய வானாய்வகத்துக்கு இடம் தேடி, பழனி மலையையும் நீலகிரியையும் ஒப்பிட்டு, காற்றின் தெளிவையும் அசைவையும் பார்த்து, அவர் தேர்ந்தது கொடைக்கானல். நீலகிரிக்காரனான எனக்கு அதில் சிறு வருத்தம் உண்டு. ஆனால் ஜூன் தொடங்கினால் எங்கள் பக்கம் மேகம் எப்படி உட்கார்ந்துகொள்ளும் என்பது தெரிந்ததால் அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 1895இல் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். ராலே காற்றின் மூலக்கூறைப் பற்றி எழுதிய அதே 1899இல் சூரிய வானாய்வகம் சென்னையிலிருந்து 2,343 மீட்டர் உயரத்துக்கு இடம் மாறியது. 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டது கொடைக்கானலில்தான். அது உலகறிந்த கதை, இங்கே நீட்டவில்லை.

மலையேறி என்ன ஆதாயம் என்பதை ஒரு கட்டடத்தின் விளிம்பில் சூரியனை மறைத்து நின்றால் தெரிந்துகொள்ளலாம். கோயம்புத்தூரில் அப்படி நின்றால் விளிம்பைச் சுற்றி வானம் பால் வெள்ளையாகக் கண்ணைக் கூசும். அது தூசியும் ஈரமும் ஒளியை முன்பக்கமாகச் சிதறடிப்பது. தொட்டபெட்டாவில் நல்ல நாளில் விளிம்பு வரை நீலமே வரும். அப்படியும் கொரோனா தெரியாது, ஏனென்றால் அந்த நீலமே கொரோனாவைவிடப் பல மடங்கு பிரகாசம். 2019 டிசம்பர் 26இல் வளையக் கிரகணம் ஊட்டி, கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டை என்று ஏறத்தாழ 1871இன் பாதையிலேயே போனது. சூரியனில் மெல்லிய மோதிரம் மட்டுமே மிஞ்சியும் பகல் இருளவில்லை. அந்த மோதிரத்தின் ஒளியை எடுத்துக் காற்று வானமெங்கும் தெளித்துவிட்டது.

இந்தச் சிதறல் கதையில் அடுத்து வருபவர் சி. வி. ராமன். அவரைப் பற்றி எல்லாரும் கப்பலிலிருந்து தொடங்குவார்கள். 1921இல் ஆக்ஸ்போர்டிலிருந்து நார்குண்டா கப்பலில் திரும்பும்போது, கையிலிருந்த நிக்கோல் பட்டகத்தால் கடற்பரப்பில் பிரதிபலிக்கும் வானத்தை வெட்டிவிட்டுப் பார்த்தார். கடல் அப்போதும் நீலமாகவே இருந்தது. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்று ராலே சொன்னது போதாது, நீரின் மூலக்கூறுகளும் சிதறடிக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். அந்தப் பட்டகமும் என் போலரைசரும் ஒரே வேலை செய்கிற பொருள்கள். ஏரியில் மின்னும் பளபளப்பை வெட்ட நான் வளையத்தைத் திருப்புவேன், உள்ளே கிடக்கும் பாசி தெரிந்ததும் நிறுத்திவிடுவேன். பளபளப்பு போன பிறகு மிஞ்சும் நிறம் ஏன் அந்த நிறமாக இருக்கிறது என்று அவர் நிறுத்தாமல் கேட்டார்.

அதற்கடுத்த கட்டம் பலர் கவனிக்காதது. 1922இல் கல்கத்தா பல்கலைக்கழகம் வெளியிட்ட ஒளிச்சிதறல் பற்றிய சிறுநூலில், தொட்டபெட்டா உச்சியில் தாம் செய்த வான அளவீட்டை ராமன் பதிவு செய்திருக்கிறார். டென்னன்ட் கேமரா வைத்த அதே மலை. சூரியனுக்குச் செங்கோணத்தில் உள்ள வானத்திலிருந்து வரும் ஒளி பெருமளவு தளவிளைவு பெற்றது, அதாவது ஒரே தளத்தில் அதிர்வது. ராலேயின் எளிய கணக்குப்படி முழுமையாகப் பெற்றிருக்க வேண்டும். ஆனால் மலையுச்சியின் தெளிந்த காற்றிலும் அது முழுமையாவதில்லை. குறைவுக்குக் கொஞ்சம் காரணம் தூசி, கொஞ்சம் தரையிலிருந்து எழும் ஒளி, கொஞ்சம் ஒருமுறை சிதறியது மறுபடி சிதறுவது. அவற்றைக் கழித்த பிறகும் ஒரு மிச்சம் நிற்கும்: நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகள் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரியானவை அல்ல என்பதன் அடையாளம். சிதறிய ஒளியைக் கொண்டு மூலக்கூறின் உருவத்தையே விசாரிக்கலாம் என்ற இந்தப் பாதைதான், கே. ஆர். ராமநாதன், கே. எஸ். கிருஷ்ணன் போன்றோரின் பொறுமையான உழைப்போடு, 1928 பிப்ரவரி 28இல் கொண்டுபோய்ச் சேர்த்தது. சிதறும்போது ஒளியின் நிறமே சிறிது மாறுகிறது, அந்த மாற்றம் மூலக்கூறின் முகவரி என்ற கண்டுபிடிப்பில்.

வானொளியின் மறுசிதறலைக் கணிதத்தால் முழுசாக வசப்படுத்தியவர் ராமனின் அண்ணன் மகன் சந்திரசேகர். 1950இல் வந்த அவருடைய கதிர்வீச்சுப் பெயர்ச்சி நூலில் அந்தக் கணக்கு இருக்கிறது. வானத்தில் தளவிளைவு அறவே இல்லாத சில புள்ளிகள் இருப்பது அதற்கு நூறாண்டுக்கு முன்பே தெரியும். அவை ஏன் அங்கே இருக்கின்றன என்பதை அவருடைய சமன்பாடுகள் சொல்லின.

சோலூர்க் கருங்கோட்டின் புதிர் அவிழ 70 ஆண்டுக்கு மேல் பிடித்தது. கொரோனாவில் இரண்டு சிதறல்கள் கலந்திருக்கின்றன. சூரியனை ஒட்டிய பகுதியில் சிதறடிப்பவை எலெக்ட்ரான்கள். அவை எல்லா நிறத்தையும் சமமாகச் சிதறடிக்கும். அதனால்தான் அந்த முத்து வெண்மை. பத்து லட்சம் டிகிரிச் சூட்டில் அவை பாயும் வேகத்தில் கருங்கோடுகள் குழம்பி அழிந்துவிடும். விளிம்பிலிருந்து விலக விலகத் தெரியும் ஒளியில் கோடுகள் அழிவதில்லை. அது சூரியனுக்கும் நமக்கும் நடுவே மிதக்கும் தூசி சிதறடித்த ஒளி என்று வானியலாளர்களான ஆலனும் வான் டி ஹுல்ஸ்டும் 1946, 1947இல் காட்டினார்கள். வால்மீன்களும் சிறுகோள்களும் உதிர்த்த தூசி. ழான்சென் கண்ட கோடுகள் அதிலிருந்து வந்தவை.

2023 செப்டம்பர் 2இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஆதித்யா எல்1, 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று தன் கருவிக்குள்ளேயே சூரியனை மறைத்துக் கொரோனாவைப் பார்க்கிறது. அந்தக் கருவியைச் செய்தது பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம். கொடைக்கானல் வானாய்வகமும் இதே நிறுவனத்தின் பொறுப்பில்தான் இருக்கிறது. ஆதித்யா நிற்கும் இடத்தில் காற்று இல்லை, நீலமில்லை. மீதமிருக்கும் ஒரே தொல்லை ஆடியின் மேற்பரப்பில் நிகழும் சிதறல். அதற்காகத்தான் ஆடியை அசாதாரணமாகப் பளபளப்பாக்கி, தூசி நுழையாத அறையில் வைத்துக் கோத்தார்கள். லென்ஸில் ஊதி ஊதித் துடைக்கிற எங்களுக்கு அந்தக் கவலை நன்றாகவே புரியும்.

கொரோனாவின் அந்தத் தூசி ஒளி சூரியனோடு நின்றுவிடுவதில்லை. அதன் நீட்சி, ராசி மண்டலத்தை ஒட்டி ஒரு மங்கிய கூம்பாக இரவில் கண்ணுக்கே தெரியும். பிப்ரவரியில் அமாவாசையை ஒட்டிய நாளில், அந்தி முழுசாக மறைந்த பிறகு, மேற்கே முதுமலைக் காட்டுப் பக்கம் திறந்த ஒரு மேட்டில் நின்று கண் பழகும்வரை காத்திருங்கள். அடிவானத்திலிருந்து சாய்வாக எழும் வெள்ளை அதுதான். கேமராவில் 30 நொடி கொடுத்தால் தெளிவாக விழும். ஆனால் ஊட்டியிலும் கொடையிலும் இன்று அதற்கு இடம் சுருங்கிக்கொண்டு வருகிறது. மலைச்சரிவெங்கும் விடுதிகள் வானத்தை நோக்கி விளக்குப் போடுகின்றன. பழைய சோடியம் விளக்கின் மஞ்சளை எடுத்துவிட்டு மாட்டுகிற வெள்ளை எல்இடியில் நீலம் கூடுதல். ராலேயின் கணக்குப்படி அந்த நீலம் சோடிய மஞ்சளைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு சிதறி வானத்தை வெளுக்கிறது. விளக்குக்கு மேலே ஒரு மூடி, மஞ்சள் சாயல் கொண்ட பல்பு, நடுஇரவுக்குப் பிறகு அலங்கார விளக்கை அணைப்பது: இந்த மூன்றையும் மலை நகராட்சிகள் விடுதி உரிமத்தின் நிபந்தனையாக எழுதிவிடலாம். நீலகிரி ஆட்சியர் அலுவலகத்துக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கும் மனுவில் சோலூரையும் கோட்டகிரியையும் முதலில் கேட்டிருக்கிறேன்.